கோழிக்கூடு கட்டப் பழைய கட்டிடச் சாமான் கடை: எதற்குப் போகலாம், எதற்குப் போக வேண்டாம்

காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் வாங்க வேண்டும் என்று கேட்டால் பலரும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குத்தான் வழி சொல்வார்கள். அங்கே கிடைப்பவை கூடத்தில் வைத்து அழகு பார்க்கும் பொருள்கள். விலையும் அந்த அழகுக்குத்தான். இங்கே நான் எழுதப்போவது அந்தத் தெருக் கடைகளைப் பற்றி அல்ல. ஊருக்கு வெளியே புறவழிச் சாலையை ஒட்டி, கம்பிவேலி போட்ட ஒரு திடலில் நடக்கும் இடிப்புச் சாமான் கடையைப் பற்றி. பெயர்ப்பலகை கிடையாது. பழைய மரக்கடை என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த வீடு இடிபட்டாலும், நல்ல பர்மா தேக்கும் கருங்கல் தூணும் பெரிய வியாபாரிகளிடம் போய்விட, அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மிச்சம் இந்தத் திடலில் வந்து இறங்குகிறது. கோழிக்கூடு கட்டுபவருக்கு வேண்டியதெல்லாம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

கொல்லையில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிகள் பத்துப் பன்னிரண்டு இரவில் அடைவதற்கு ஒரு கூடு கட்ட வேண்டும், அதற்கான சாமான் இயன்றவரை பழையதாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இந்தக் கடைக்குப் போய் வந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லுக்கும் ஓட்டுக்கும் ஜன்னலுக்கும் இங்கே தாராளமாகப் போகலாம். மரத்துக்கு, பொறுமையும் பார்க்கத் தெரிந்த கண்ணும் இருப்பவர்கள் போகலாம். தகரத்துக்கும் கம்பிவலைக்கும் போகவே வேண்டாம்.

கூட்டின் அளவைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நாட்டுக்கோழி ஒன்று இரவில் அடைய ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி இடம் வேண்டும். பகலில் வெளியே மேய விடுகிற வீடுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆறடிக்கு நான்கடி கூடு என்றால் 24 சதுர அடி. பன்னிரண்டு கோழிக்குச் சரியாக இருக்கும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் பெரும்பாலும் குறுகிய பக்கங்களில் விழும். நீண்ட பக்கங்கள் இரண்டும் காற்றுக்குத் திறந்திருக்க, கிழக்கும் மேற்கும் அடைப்பாக இருக்க வேண்டும். இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஏனென்றால் இந்தத் திடலில் கண்ணுக்கு அழகாகப் படுகிற பொருள்கள் நிறைய உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கோழிக்கு உதவாதவை.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் கடப்பைக் கற்களை. பழைய அடுப்படி மேடை, அலமாரித் தட்டு ஆகியவற்றிலிருந்து கழற்றியவை. கிரானைட் வந்த பிறகு இவற்றைத் தேடி வருபவர்கள் குறைவு என்பதால், ஓரம் உடைந்த கல்லைச் சதுர அடி 30 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கூட்டின் தரைக்கு இதைவிடச் சிறந்த பொருளை நான் அறியேன். மரத்தளம் போட்டால் ஈரத்தில் உளுக்கும், இடுக்குகளில் செல் என்னும் சிறு உண்ணி குடியேறும், எலி கரம்பித் துளை போடும். மண்தரையாக விட்டால் நாயும் கீரியும் தோண்டி உள்ளே வராமலிருக்கக் கூட்டைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குக் கம்பிவலை புதைக்க வேண்டியிருக்கும். கல்தளம் போட்டால் அந்தச் செலவு முழுவதும் மிச்சம். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பழைய செங்கல்லால் குறுஞ்சுவர்கள் எழுப்பி, அவற்றின்மேல் கற்களைப் பாவினால் அடிப்பகுதி காற்றோட்டமாக இருக்கும். பகலில் கோழிகள் அந்த நிழலில் மண்ணைக் கிளறிக் குளிக்கும். கடப்பைக் கல் அடுக்குப் பாறை. தட்டுத் தட்டாகப் பிளக்கும் தன்மையுள்ளது. ஆகவே இரண்டடிக்கு மேல் தாங்கலின்றி விடக் கூடாது. கல்லை எடுக்கும்போது குறுக்கே மயிரிழைபோல் கோடு ஓடுகிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் ஈரமாக நிற்கும். திடலில் ஒரு தொட்டியும் குவளையும் இருக்கின்றன; கேட்டால் ஊற்றிப் பார்க்க விடுகிறார்கள். கல்லின்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்கு உமி பரப்பிவிட்டால் கோழியின் காலுக்கும் இதம், கழுவி விடுவதும் எளிது.

அடுத்தது ஓடு. இந்தக் கடைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்காகத்தான். மங்களூரில் ஜெப்பு என்னும் இடத்தில் பாசல் மிஷன் என்னும் கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து மேற்குக் கரையெங்கும், குறிப்பாக மங்களூரிலும் கோழிக்கோட்டை அடுத்த பெரோக்கிலும், பல நிறுவனங்கள் இந்தச் சீமை ஓட்டைச் செய்தன. ஒவ்வொன்றும் ஓட்டின் அடிப்பக்கத்தில் தன் பெயரையோ சின்னத்தையோ பதித்திருக்கும். பார்வைக்கு எல்லா ஓடும் ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒரு தொழிற்சாலை ஓட்டின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு சரியாக உட்காராது. கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றால் போதும், ஐப்பசி மழையில் அந்த இடம் ஒழுகும். ஆகையால் அடுக்கில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணி எடுக்காமல், ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, ஒரே முத்திரை உள்ளவற்றைச் சேர்க்க வேண்டும். பல கடைகளில் அடுக்கைக் கலைக்க விடமாட்டார்கள். இங்கே அனுமதித்தார்கள், கலைத்ததைத் திருப்பி அடுக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அது நியாயம்தான்.

ஓட்டைச் சோதிக்கும் விதத்தை அங்கே வேலை செய்யும் பெரியவர் காட்டினார். ஓட்டின் ஒரு முனையை இரு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகையின் விரல் முட்டியால் நடுவில் தட்டுகிறார். நல்ல ஓடு ணங்கென்று மணிச் சத்தம் கொடுக்கிறது. உள்ளே விரிசல் இருந்தால் மேலே ஒரு கீறலும் தெரியாவிட்டாலும் சத்தம் சப்பென்று அடங்கிவிடுகிறது. "சத்தம் அடைச்சுச்சுன்னா ஒதுக்கிருங்க தம்பி, அது மழைக்குக் குடிக்கும்" என்றார். அடிப்பக்கத்தில், ரீப்பர் என்னும் குறுக்குச் சட்டத்தைக் கவ்வும் மூக்கு உடையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாசி படிந்து கறுத்திருப்பது குறையே அல்ல. தென்னை நார் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

ஓடு ஒன்று 12 ரூபாய். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு பிடிக்கும். நான்கு புறமும் ஓரடி இறவாணம் விட்டு ஒருசாய்வாகக் கூரை போட்டதில், உடைசலுக்குச் சில சேர்த்து, 80 ஓடு தேவைப்பட்டது; ஆயிரம் ரூபாய்க்குள் கூரை முடிந்தது. ஒருசாய்வாக இருந்தால் மோட்டு ஓடு தேட வேண்டியதில்லை. சாய்வு 30 பாகைக்கு அருகில் இருக்க வேண்டும். அதைவிடப் படுத்தால் சாரல் அடியில் ஏறும். தாழ்ந்த பக்கம் வடக்கே இருந்தால் வடகிழக்குப் பருவமழையின் சாரல் அந்த இறவாணத்திலேயே நின்றுவிடும். ரீப்பருக்கு ரீப்பர் பன்னிரண்டரை அங்குலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பழைய ஓட்டுக்கு அந்தக் கணக்கை நம்பாமல், வாங்கிய ஓட்டிலேயே இரண்டைக் கோத்து அளந்து அடிப்பதே முறை. ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும் என்பதால் கூரைப் பாரம் 200 கிலோவுக்குக் குறையாது. கீழே உள்ள சட்டம் அதற்கேற்ற கனத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு பாரம் எதற்கு, ஒரு தகரத்தை மாட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் சித்திரை மாதத்தில் ஒரு தகரக் கூண்டுக்குள் கையை நீட்டிப் பார்க்கலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தகரம் மாலை வரை சூடேறிக் கிடந்தால், அடையும் நேரத்தில் கோழி உள்ளே போக மறுத்து மரத்தில் ஏறும். மரத்தில் ஏறிய கோழி மரநாய்க்குத்தான்.

ஜன்னல்கள் இந்தக் கடையின் மூன்றாவது பலம். பழைய வீடுகளில் மூன்றடி அகலத்தில் சிறிய ஜன்னல் வைப்பது வழக்கம். இப்போது கட்டுகிறவர்கள் ஐந்தடி, ஆறடி அகலத்தில் யுபிவிசி போடுவதால் சிறிய ஜன்னலைச் சீந்துவார் இல்லை. நிலையும் இரும்புக் கம்பியும் இரட்டைக் கதவும் சேர்ந்தே 500 ரூபாய்க்குக் கிடைத்தன. மூன்றடி ஜன்னல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஆறடிச் சுவர் முடிந்துவிடுகிறது. வடக்கே இரண்டு, தெற்கே இரண்டு வைத்தாயிற்று. கோடையில் நான்கையும் திறந்துவிடலாம். மார்கழிப் பனியிலும் அடைமழையிலும் வடக்கு ஜன்னல்களை மட்டும் சாத்திக்கொள்ளலாம். கடையில் விற்கும் எந்த ஆயத்தக் கூண்டிலும் இந்த வசதி இல்லை. ஒருசாய்வுக் கூரையில் தெற்குப் பக்கம் இரண்டடி உயர்ந்து நிற்கும் அல்லவா, அந்த இடைவெளிக்கு இரண்டு பழைய வெண்டிலேட்டர்கள் பொருந்தின. சூடான காற்றும், எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நெடியும் அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன. மேற்குப் பக்கத்துக்குப் பலகையும், கிழக்குப் பக்கத்துக்கு ஓர் அலமாரியின் இரட்டைக் கதவும் கிடைத்தன. கதவு நான்கடி அகலத்துக்கும் முழுதாகத் திறப்பதால், குனிந்து கையை விட்டுத் துழாவாமல் நின்றபடியே கூட்டைக் கூட்டிக் கழுவ முடிகிறது.

ஜன்னலில் ஓர் எச்சரிக்கை உண்டு. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பச்சையும் நீலமுமாக அடுக்கடுக்காகப் பூசிய பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கோழி, உதிர்ந்து கிடக்கும் பெயிண்ட் செதிலைத் தீனி என்று நினைத்துக் கொத்தும். உடலில் சேர்ந்த ஈயம் முட்டைக்கும் வரும். ஆகவே எண்ணெய் மட்டும் பூசிய மரத்தைத் தேடி எடுப்பது முதல் வழி. பெயிண்ட் அடித்ததுதான் கிடைத்தது என்றால், தூசி பறக்கும்படி உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல், நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். இந்த வேலையைக் கோழி மேயும் இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மரத்துக்கு வருகிறேன். குறை சொல்ல வேண்டிய இடமும் இதுதான். மரம் கன அடிக் கணக்கில் விற்கிறது. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. ஆறடி நீளம், நான்கு அங்குல அகலம், மூன்று அங்குலக் கனமுள்ள சட்டம் அரைக் கன அடி. கணக்கில் பிழை இல்லை. அளக்கும் முறையில்தான் வழக்கு. சுவருக்குள் புதைந்திருந்த முனை பெரும்பாலும் வெடித்தோ கரையான் அரித்தோ இருக்கும். முக்கால் அடி வரை அறுத்துத் தள்ள வேண்டிய அந்தப் பகுதியையும் சேர்த்தே டேப்பை இழுக்கிறார்கள். "அண்ணே, வெடிச்ச முனையக் கழிச்சுட்டு அளங்க" என்றதற்கு, "மரம்னா வெடிக்கத்தான் செய்யும் தம்பி, முழுசாக் கொடுக்கிறேன், முழுசாத்தான் அளப்பேன்" என்று பதில் வந்தது. கடைசியில் கழிக்கவில்லை, கன அடிக்கு 600 சொன்னதை 550 ஆக்கினார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் அதிகம் இல்லை என்றாலும், எண்ணிக்கைப் பொருளில் ஒரே விலை சொல்லும் கடை மரத்தில் மட்டும் இப்படி நடந்துகொள்வது உறுத்தலாகவே இருக்கிறது.

தேக்கின் பக்கம் போக வேண்டிய தேவை இல்லை. வேம்பும் பூவரசும் பனஞ்சட்டமும் குவியலின் அடியில் கிடக்கின்றன. அவையே கூட்டுக்குப் போதும். வைரமேறிய பழைய பனஞ்சட்டம் கூரைப் பாரத்தைத் தாங்குவதில் எதற்கும் இளைத்தது அல்ல. ஆனால் ஆணி இறங்காது, துளை போட்டுப் போல்ட் முடுக்க வேண்டும். வைரமில்லாத இளம்பனையை வாங்கினால் இரண்டே மழையில் நாராகிவிடும். அறுத்த முனையைப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியும்: முற்றிய மரத்தில் கறுப்பு வரிகள் நெருக்கமாக, கல்லைப் போல் மினுங்கும், இளசில் வரி அருகி, நடுவே சோறு எனப்படும் வெளிர்ந்த மென்பகுதி இருக்கும். மற்ற மரங்களுக்கு ஒரு நீள ஆணியை எடுத்துக்கொண்டு போய்ப் பல இடங்களில் குத்திப் பார்ப்பது போதும். கை அழுத்தத்துக்கே ஆணி இறங்கினால் உள்ளே கரையான் தின்று கூடாக்கி வைத்திருக்கிறது என்று பொருள்.

கறுப்பாக, தார் மணத்துடன் கிடக்கும் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் கடைக்காரர் பெருமையாகக் காட்டினார். "கரையான் கிட்டயே வராது" என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் கரையான் வராததற்குக் காரணமான கிரியோசோட் எண்ணெய் கோழிக்கும் அதைத் தொடும் நமக்கும் ஆகாது. வெயிலில் சூடேறினால் அது கசிந்துகொண்டே இருக்கும். சரக்கு அடுக்கப் பயன்படும் பேலட் கட்டைகளும் இருக்கின்றன. அவற்றில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தின் பக்கத்தில் ஹெச்டி (HT) என்ற முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, அதை வாங்கலாம். எம்பி (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, விட்டுவிட வேண்டும். முத்திரையே இல்லாத பேலட்டில் என்ன சிந்தியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பழைய மரம் எதுவானாலும் ஆணி பிடுங்காமல்தான் வருகிறது. கடையில் பிடுங்கித் தரமாட்டார்கள். துருப்பிடித்த தலை உடைந்து மரத்துக்குள்ளேயே நிற்கும் ஆணிகள் தச்சரின் ரம்பப் பல்லை முறித்துவிடும். அந்தச் செலவு நம் தலையில் விழும். ஒரு காந்தத்தை மரத்தின்மேல் ஓட்டிப் பார்த்து, ஒட்டும் இடங்களில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக் கொடுப்பது தச்சரோடு நல்லுறவைக் காக்கும்.

திடலில் நான் கண்ட மிக நல்ல பொருள் எந்தக் குவியலிலும் இல்லை; கேட்டின் பக்கத்தில் காரைச்சட்டிகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்த உலக்கைகள். கோழி அடைவதற்குக் குறுக்கே போடும் கட்டை, கால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி இரண்டு அங்குலம் பருமனாகவும், முனையில்லாமல் உருண்டையாகவும், பிளவில்லாமல் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். பல பேர் பல வருடம் கையால் பிடித்துத் தேய்ந்த உலக்கையில் இவை எல்லாமே இருக்கின்றன. இரும்புப் பூண் போட்ட முனையை ஒட்டி அறுத்துவிட்டால் நான்கடி நிற்கிறது. கூட்டின் அகலமும் அதுவே. கோழிக்கு எட்டு அங்குலம் என்று வைத்தால் ஓர் உலக்கையில் ஆறு கோழி அடையும், இரண்டு உலக்கையில் பன்னிரண்டு. ஒன்று 150 ரூபாய். இதை ஆணி அடித்து நிரந்தரமாகப் பூட்டக் கூடாது. இருபுறமும் பிறைபோல் வெட்டிய கட்டையில் தூக்கி எடுக்கும்படி உட்கார வைக்க வேண்டும். பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும் செல், அடைகட்டையின் முனைகளில்தான் முதலில் கூடு கட்டும். உலக்கையைத் தூக்கி வெயிலில் போட்டு, அது உட்கார்ந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்துவிட்டால் அதன் பாடு முடிந்தது. பழைய மரத்தில் கூடு கட்டுகிறவர்கள் உட்பக்கம் முழுவதும் ஆணித்துளை விடாமல் சுண்ணாம்பு அடித்துத்தான் ஆக வேண்டும்.

முட்டையிடுவதற்கு மேசை இழுப்பறைகள் கிடைத்தன. ஓரடிக்கு ஓரடி இருந்தால் போதும். நான்கைந்து கோழிக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று வாங்கினேன். அடைகட்டையை விடத் தாழ்வாக, வெளிச்சம் குறைந்த மூலையில் வைக்க வேண்டும். உயர வைத்தால் கோழி அதிலேயே அடைந்து எச்சமிட்டு நாறடித்துவிடும்.

இனி, வாங்கக் கூடாதவை. தகர ஷீட்டுகள் நிழலில் அடுக்கியிருக்கும்போது நல்லவையாகத் தெரிகின்றன. ஒன்றை உருவிச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஆணித் துளைகளும் துருவரித்த ஊசித் துளைகளும் நட்சத்திரக் கூட்டம் போலத் தெரியும். கிலோ விலையில் விற்கிறார்கள். புதியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், ஒழுகலை அடைக்க வாங்கும் பசைக்கே போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தொடவே வேண்டாம். பழையதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் இழைத்தூசி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்பது மருத்துவ உலகில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட செய்தி. மூடிப்போன கறிக்கோழிக் கடைகளின் கூண்டுகளும் ஒரு மூலையில் கிடந்தன, எச்சம் காய்ந்து ஒட்டிய நிலையிலேயே. வெள்ளைக்கழிச்சல் நோயின் கிருமி அப்படிப்பட்ட கூண்டோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கம்பிவலையும் அதுபோலத்தான். கடையில் கிடக்கும் அறுகோணக் கண் கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்துவதற்குச் செய்தது. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதற்குச் செய்தது அல்ல. நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். கண் வழியாகக் கீரிக்குட்டியும் எலியும் பாம்பும் நுழையும். ஜன்னல் கம்பிகளின் இடைவெளி அதைவிடப் பெரியது. ஆகவே நான்கு ஜன்னலுக்கும், வெண்டிலேட்டருக்கும், ஓட்டுக்கு அடியில் ரீப்பரை ஒட்டி முழுக் கூரைக்கும், அரை அங்குலக் கண் கொண்ட புதிய வெல்டு மெஷ்ஷை இரும்புக் கடையில் வாங்கி அடித்தேன். கூரைக்கு எதற்கு என்றால், ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மரநாய் ஓட்டை நகர்த்திக்கொண்டு இறங்கிவிடும். கீரியும் மரநாயும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் குற்றம். நமக்கு இருக்கும் ஒரே வழி கூட்டை இறுக்கிக்கொள்வதுதான். கடையில் பித்தளைக் கொண்டிகளும் நாதாங்கிகளும் கண்ணைப் பறிக்கும்படி இருக்கின்றன. தேய்ந்த கொண்டியைப் பூனைகூட மூக்கால் தள்ளித் திறக்கும் என்பதால் கீலும் தாழ்ப்பாளும் புதியதாகவே போட்டாயிற்று.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கல், ஓடு, ஜன்னல், மரம், உலக்கை, பலகை எல்லாம் சேர்த்துப் பழைய சாமானுக்கு ஏழாயிரம் ரூபாய் சுமார் ஆயிற்று. தச்சர், கொத்தனார் கூலி அதைவிட அதிகம். பழைய சாமானில் கட்டினால் மிகவும் மலிவு என்று சொல்பவர்கள் தம் உழைப்பையும் பிறர் கூலியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்றோடொன்று பொருந்தாத பொருள்களை இழைத்துப் பொருத்துவதற்கு, புதிய மரத்தில் வேலை செய்வதை விட ஒன்றரைப் பங்கு நேரம் பிடிக்கிறது. இதே தொகைக்கு வெல்டிங் பட்டறையில் இரும்புக் கூண்டு கிடைக்கும், இணையத்தில் மெல்லிய பலகையில் செய்த அலங்காரக் கூடும் கிடைக்கும். முன்னது கோடையில் காயும். பின்னது ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் அதிசயம். வெயிலுக்குக் குளிர்ந்தும் மழைக்கு ஒழுகாமலும் நிற்கும் கூடு வேண்டும், கட்டி முடிக்கச் சில வாரம் பொறுத்திருக்க முடியும் என்பவர்களுக்கே இந்த வழி.

கடையின் சேவையைப் பற்றிச் சில சொற்கள். பில் கிடையாது, துண்டுத் தாளில் கூட்டிக் கொடுப்பதோடு சரி. கொண்டுபோன பொருளைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், ஆகவே ஓட்டை அங்கேயே தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றிவிட ஆள் இருக்கிறார்கள். அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. கடைவாசலில் நிற்கும் குட்டியானை ஓட்டுநர்கள் சொல்லும் வாடகை சற்றுக் கூடுதல். ஊருக்குள்ளிருந்து வண்டி பேசிக்கொண்டு போனால் மிச்சமாகும். ஓட்டைப் படுக்கப்போட்டு ஏற்றினால் பாதி உடைந்துதான் இறங்கும். நெடுக்காக நிறுத்தி, வரிசைக்கு வரிசை வைக்கோல் திணித்து ஏற்றச் சொல்ல வேண்டும்.

என்ன அளவில் என்ன வேண்டும் என்று எழுதிக் கைப்பேசி எண்ணோடு கொடுத்துவிட்டு வந்தால், புதிதாக ஒரு வீட்டுச் சாமான் வந்து இறங்கும்போது கூப்பிட்டுச் சொல்கிறார்கள். சிறிய ஜன்னல்களில் கடைசி இரண்டு எனக்கு அப்படித்தான் கிடைத்தன. ஞாயிறு விடுமுறை. மற்ற நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஒன்றரை மணிக்கு மேல் கேட்டைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனால் திரும்ப நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், அதற்குள் வெயிலில் கிடக்கும் கல்லையும் இரும்பையும் வெறுங்கையால் புரட்டிப் பார்க்க முடியாது.